கேர் ஆஃப் ஐஸ் கடை

அம்மாவின் ஆதாரில் அட்ரஸ் மாற்ற இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் நின்ற மீன் வண்டியிலிருந்து ஐஸை மூடியிருந்த உமி நனைந்த வாடை வந்தது.

கட்டுமாவடி ஐஸ் கடையின் வாடை அது. நான் ஸ்கூல் படித்தபோது அங்கே எங்கள் தெருவில் வீட்டுக்கு நம்பர் கிடையாது. சவுதிக்குப் போன அப்பாவின் கடிதங்கள் 'கேர் ஆஃப் ஐஸ் கடை' என்றுதான் வரும். 'ஆஃப்' என்றால் 'உடைய' என்று டீச்சர் போர்டில் எழுதிப்போட்டும், எனக்கு அது ஐஸ் கடைக்கு முன்னால் வரும் சொல், அவ்வளவுதான். ஸ்கூல் விட்டதும் நேரே அங்கே போய், ரம்பம் ஐஸை அறுக்கும் கிறீச்சொலியைக் கேட்டபடி, காலெல்லாம் ஈர உமி ஒட்ட நிற்பேன். கடைக்காரர் தராசுக்குப் பின்னால் ஆணியில் குத்தியிருக்கும் கடிதங்களைப் புரட்டிவிட்டு, "இன்னைக்கு இல்லத்தா, நாளைக்கு வா" என்பார். கடிதம் நின்று வருஷக்கணக்கான பிறகும் அதே 'நாளைக்கு வா'தான். இனிமேல் வராது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்.

கடையை இடித்த அன்று, "இனிமே உங்கப்பா லெட்டரை எங்கிட்டுப் போடுவாரு?" என்று அம்மா ஒருதரம் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாங்கள் புதுக்கோட்டைக்குக் குடிவந்தே பத்து வருஷமாகிறது.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து, "அட்ரஸ் சொல்லுங்கம்மா" என்றாள்.

அம்மா நிதானமாக, மனப்பாடமாக ஆரம்பித்தாள்: "கேர் ஆஃப் ஐஸ் கடை, கட்டுமாவடி..."

புது அட்ரஸ் போட்ட கேஸ் புக் என் கையில்தான் இருந்தது. நீட்ட முடியவில்லை.