நாலு விரல் மழை

சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றிக் குந்துகிறார் ராமாமிர்தம் வாத்தியார். இடக்கண்ணை இறுக மூடி, வலக்கண்ணைப் போத்தலுக்கு நேரே கொண்டுபோய், விரல்களைப் படுக்கவைத்து அளக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடக் கதவைத் திறப்பது.

பள்ளிக்கூடம் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய உரக் காம்பரா, ஒற்றை அறை. வெயில் ஏறினால் உர வாடையும் ஏறும். வாத்தியாருக்கு இருப்பது ஒரே கோட்டு. முழங்கையில் சாக்குத் துண்டு வைத்துத் தைத்தது. பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "கண்ணு பாத்துச்சா? கை அளந்துச்சா? அப்பறம் வாய் பேசட்டும்."

மழையை அளக்கிற அந்தப் போத்தல், கங்காணி வீட்டுக் குப்பையில் கிடந்த சாராயப் போத்தல்தான். மண்ணெண்ணெயில் நனைத்த நூலைக் கழுத்தில் சுற்றிக் கொளுத்தி, தண்ணீரில் முக்கி, கழுத்தைத் தனியே எடுத்தார். அதையே போத்தல் வாயில் கவிழ்த்துப் புனலாக்கி, ஒரு குட்டைக் கம்பத்தின் மேல் நிறுத்தினார். அன்றைக்குப் பள்ளிக்கு வந்தது ஏழு பிள்ளை. போத்தல் வந்த பிறகு இருபத்திரண்டு. மழையை யார் அளப்பது என்று தலைமயிரைப் பிடித்துச் சண்டை. எல்லாருக்கும் முந்தி வந்து நிற்பவள் வடிவம்மா மகள் கனகம். பனியை அளக்க முடியுமா என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, மூன்று ராத்திரி வேட்டியை வெளியில் விரித்துப்போட்டுக் காலையில் பிழிந்து பார்த்தார்.

புத்தகத்தில் இல்லாத வேலை எதற்கு என்று பள்ளிக்கூடப் பரிசோதகர் முகம் சுளித்தார். "செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி புடிக்கப்போற கைக்குப் போத்தல் எதுக்கு வாத்தியாரே?" என்று கங்காணி சிரித்தார். வாத்தியார் விடவில்லை. சுவர் நிறையக் கரிக்கோடு, அன்றன்றைக்கு அளந்த விரல் கணக்கு. அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு ஒன்று புரிந்தது: ஓர் இரவில் நாலு விரலுக்கு மேல் பெய்தால் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் கீழ் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு இளகும். போன வருஷம் அப்படிப் பெய்த காலையில் லயத்தையே காலி பண்ணச் சொன்னார். ஆட்கள் மேலே ஏறியபின் மேட்டின் ஒரு பக்கம் சரிந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

அதிலிருந்து ஜனங்களுக்கு அது வெறும் போத்தல் இல்லை. தினமும் வாத்தியாரே முழங்கால் போட்டு, உதட்டுக்குள் என்னவோ சொல்லிக் கும்பிடுகிற மழைச்சாமி. விடியுமுன் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கம்பத்தில் மஞ்சள் ஏறியது. வாத்தியாரும் பார்த்தார். பூசினால் பூசட்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த ஐப்பசியில் கனகத்துக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க மழை. காலையில் அளந்தால் இரண்டே விரல். மழைச் சத்தத்துக்கும் அளவுக்கும் பொருந்தவில்லை என்று காது சொன்னது. அவரோ கண் பார்த்ததைத்தான் நம்பினார். குடையில்லாமல் கீழ் லயத்துக்குப் போய் அவரே சொன்னார்: "ரெண்டு வெரல்தான் வடிவு. பயமில்ல. புள்ள படுத்திருக்கட்டும், நீ வேலைக்குப் போ."

உச்சிக்கு முன்னே மேடு வந்துவிட்டது. வேலைக்குப் போகாமல் லயத்தில் கிடந்தவர்கள் கனகத்தோடு நாலு பேர். நாலு பேரையும் பிணமாகத் தோண்டித்தான் எடுத்தார்கள்.

ஐந்து நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. ஆறாம் நாள் வந்தார்கள், கையில் கல்லோடு. "போத்தல் பொய் சொல்லிருச்சுய்யா" என்றது ஒரு பிள்ளை. உடைத்துவிட்டுப் போகட்டும் என்று வாத்தியார் விலகி நின்றார். இனி இந்தப் பிள்ளைகள் எதையும் அளந்து பார்க்கப் போவதில்லை என்பது மட்டும் அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

அப்போதுதான் வடிவம்மா மேலே ஏறி வந்தாள். நகக்கண்ணில் இன்னும் செம்மண். கம்பத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே போய் நின்றாள்.

"அது பொய் சொல்லலடா. அன்னிக்கு விடியுமுன்னே தீர்த்தம்னு போத்தல்லேருந்து நான் ஒரு கை ஊத்திக்கிட்டேன், கனகம் நெத்தியில தடவ. பின்னாடி வந்தவளுக எல்லாம் ஆளுக்கொரு கை. பெஞ்சது நாலுக்கும் மேல. அள்ளுனது நாங்க."

கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. வாத்தியார் சுவரில் அந்த இரண்டு விரல் கோட்டைத் தேடிப்போய்க் கோட்டுக் கையால் தேய்த்து அழித்தார்.

இப்போது பிள்ளைகள் வருகிறார்கள், பதினான்கு பேர். பெரட்டு முடிந்து, கூடையை முதுகில் தொங்கவிட்டு மலைக்கு ஏறுகிற வழியில் வடிவம்மா கம்பத்தடியில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். தீர்த்தம் அள்ளாத, கொழுந்துக் கறை படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டுகிறாள். வாத்தியார் அந்தக் கைகளைப் பார்க்கிறார். பார்த்து முடித்த பிறகுதான் சேற்றில் முழங்காலை ஊன்றுகிறார்.