கடைசிப் பந்தி

விடியுமுன் எழுந்து பாயை உதறுவதுதான் அப்போது என் முதல் வேலை. முழங்கையிலிருந்தும் முழங்காலிலிருந்தும் உதிர்ந்த வெள்ளைச் செதில் பாய் முழுக்கக் கிடக்கும். என் வீட்டுக்காரரும் மகளும் கண் விழிப்பதற்குள் கூட்டி அடுப்பில் போட்டுவிடுவேன். ராஜபாளையத்துப் பஞ்சு மில்லில் அவருக்கு மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் வேலை. உங்கள் சட்டையிலிருந்து கொட்டுகிற பஞ்சுத் தூசிதான் இது என்று அவரிடமே சாதித்திருக்கிறேன். வாய்க்கு மட்டும் எனக்கு என்றைக்கும் குறைச்சலில்லை.

நாட்டு வைத்தியர் படை என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்றார். நாக்கு செத்ததுதான் மிச்சம்.

பிறகு நகங்களில் கொத்திய அம்மி மாதிரிக் குழி விழுந்தது. ஒரு காலையில் வலக்கையின் இரண்டு விரல்கள் பனங்கிழங்காக வீங்கி மடங்காமல் நின்றன. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. விரலைத் தின்கிற வியாதி ஒன்றுதான் எனக்குத் தெரியும். பெருவியாதி, குஷ்டம் என்பார்கள். அது வந்தவர்களைத் தூரத்தில் ஏதோ ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள் வைத்துவிடுவார்கள், பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

அவளைக் கிட்டச் சேர்ப்பதை விட்டேன். தலை பின்னிவிடுவதை நிறுத்தினேன். தவறி என்னைத் தொட்டால் கை கழுவு என்று விரட்டுவேன்; அடித்தும் இருக்கிறேன்.

“பச்சப் பிள்ளைய என்னத்துக்குட்டி இப்படி விரட்டுதே?” என்று அவர் கேட்டார்.

“நீங்க பெத்து வளத்துப் பாருங்க, தெரியும்,” என்று அவர் வாயை அடைத்தேன். உள்ளே பயம் என்னைப் பிடுங்கித் தின்றது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் மாதம் ஒரு ஞாயிறு இராப்போசனம்; போதகர் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், பந்தி பந்தியாக முன்னே போய் முழங்காலிட வேண்டும். திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில்தான். என் வாய் பட்டதில் இன்னொருத்தி வாய் வைப்பாளே என்று பதறினேன். போகாமலே இருந்தால் ஏன் என்று ஊர் கேட்கும். அதனால் கடைசிப் பந்தியில் கடைசி ஆளாகப் போனேன். எனக்குப் பிறகு யார் குடிக்கப்போகிறார்கள்? மகா கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். குடித்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு முழங்கால் பிடித்துக்கொண்டது. மற்றப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, போதகர் பாத்திரத்தை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். மீந்ததைக் கீழே கொட்டக் கூடாது, போதகரே குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது முறையாம். எத்தனை வருஷமாகக் கோவிலுக்குப் போகிறேன், கண்ணை மூடியே இருந்ததில் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“ஐயா, குடிக்காதீங்க,” என்றேன்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். மீதியைக் குடித்தார். தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும், “செத்த நேரம் இரும்மா,” என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

“இது அந்த வியாதி ஐயா. மாசாமாசம் உங்களுக்குக் குடுத்துட்டேன்.”

அவர் முகம் வெளுத்தது. அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

“யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லலை.”

“அப்பம் நாமளா முடிவு கட்ட வேண்டாம். நாளைக்கு டாக்டரம்மாட்ட போவோம். வீட்டுக்காரரும் வரட்டும்.”

மறுநாள் மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் அசைந்தால்கூட என்னைக் கண்டுதான் ஒதுங்குகிறாள் என்று தோன்றியது.

டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, செதில் படிந்த இடங்களில் ஊசியால் குத்தினார். “எங்க குத்துதுன்னு சொல்லு.” முழங்கை என்றேன். முழங்கால் என்றேன். காதுக்குப் பின்னால் என்றேன். ஒன்றையும் விடவில்லை.

“அந்த வியாதின்னா குத்துறதே தெரியாதும்மா. இது வேற படை. யாருக்கும் தொத்தாது. ஆனா லேசுல போகவும் போகாது. விரலுக்கு வாதம், அதுக்கு மருந்து தாரேன்.”

செதிலும் மூட்டுவலியும் ஒரே வியாதியின் வேலை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்குத் தொத்தாது என்பதற்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த இருவரிடமும் அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். போதகர் தலை குனிந்து ஜெபம் பண்ணினார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மகள் வாசலில் நின்றாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். நான் பழக்கியதுதான்.

“இங்க வாட்டி,” என்று வீங்கிய கையை நீட்டினேன்.

அவள் வரவில்லை. என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தொட்டுட்டுக் கழுவணுமா, கழுவிட்டுத் தொடணுமாம்மா?” என்று கேட்டாள்.