முப்பது பாட்டில் பரிட்சை

ஜூஸ் கம்பெனியில் அவளுக்கு டார்ச் என்று பெயர். வெள்ளை விளக்குக்கு முன்னால் வரிசையாக ஓடிவரும் காலி பாட்டில்களில் விரிசல் எங்கே இருந்தாலும், அடுத்தவர் கண் சிமிட்டுவதற்குள் எடுத்துக் கூடையில் போட்டுவிடுவாள். பதினாலு வருஷமாக இதுதான் வேலை. வாயும் சும்மா இருக்காது, யாரையாவது கிண்டலடித்துக்கொண்டே இருக்கும்.

அந்த வாய் ஒருநாள் அடைத்துப்போனது. பக்கத்து ஸ்டூலில் புதிதாக வந்து உட்கார்ந்த முதலாளியின் மச்சினன், தன் சம்பளத்தைப் பெருமையாக உளறிவிட்டான். அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு! அவனோ பாட்டிலைப் பார்ப்பதைவிட போனைப் பார்ப்பதுதான் அதிகம். வயிறு எரியாதா பின்னே? நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

“ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளமா சார்? இது ஏமாத்து இல்லையா?”

“சொந்தக்காரனுக்குக் குடுக்கறதுல என்னம்மா ஏமாத்து? என் கம்பெனி, என் காசு.” மனுஷன் பலே கெட்டிக்காரர். குரலை இறக்கி, “உன் தங்கச்சி வேலை தேடறாளாமே? நாளைக்கே கூட்டிட்டு வா, சேத்துக்கறேன்” என்றார்.

தன் வாயை அடைக்கத்தான் இது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தும் ஆசை விடவில்லை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள். போன இடத்தில் மனசு கேட்கவில்லை. முப்பது பாட்டிலில் ஆறு விரிசல் பாட்டிலைக் கலந்து தங்கை முன்னால் ஓடவிட்டாள். தங்கை கண்டுபிடித்தது இரண்டே இரண்டு. “வீட்டுக்குப் போடி” என்று அனுப்பிவிட்டாள்.

“கூடப் பொறந்தவளையே திருப்பி அனுப்பிட்டேன் சார். இப்போ உங்க மச்சினரும் அதே முப்பதைப் பாக்கட்டும்.”

எல்லோரும் வேடிக்கை பார்க்க, மச்சினன் விழித்து விழித்துப் பார்த்தான். ஒன்றுகூட அகப்படவில்லை. முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனைச் சரக்கு வண்டி வேலைக்கு மாற்றிவிட்டு, அவன் சம்பளத்தையே அவளுக்கும் போட்டுக்கொடுத்தார்.

சாயங்காலம் குதிக்காத குறையாக வீட்டுக்கு வந்தாள். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உனக்கு அங்க யாரு பரிட்சை வெச்சா?”

“எனக்கா? அம்மா போய்க் கேட்டாங்க, சேத்துக்கிட்டாங்க.”

“முதல் வாரம் எத்தனை விரிசலை விட்டே?”

அவளுக்குப் பொய் வராது. “ஒரு பெட்டியே திரும்பி வந்துச்சுடி.”

“அப்போ உனக்கு ஒரு வாரம், எனக்கு அஞ்சு நிமிஷமா?”

டார்ச்சை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மறுபடி முதலாளி அறைக்கு முன்னால் நின்றாள்.

“சார், பரிட்சையை மாத்தணும். யாரு வேலை கேட்டு வந்தாலும் ஒரு வாரம் கத்துக்கட்டும், அப்புறம் வைப்போம்.”

“யாரு வந்தாலுமா, உன் தங்கச்சி வந்தாலா?”

“யாரு வந்தாலும் சார்” என்றாள் டார்ச். “அவ வெளியில நிக்கறா.”