இடது கைக்கு ஒரு கத்தி

ராமகுப்பத்து எப்சிபா பட்டுப்புழுக் கொட்டகையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, பிடிதான் திரும்பவில்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாலே விரல்கள் விட்டுவிடும்.

புழு வளர்த்து முடித்ததும், புழுவுக்குத் தழை தரும் மல்பெரிச் செடிகளை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் புதுத் தழை வரும். இடது கையால் வெட்டிப் பார்த்தாள். வீட்டுக் கொடுவாள் ஒரு பக்கம் மட்டுமே தீட்டியது, வலது கைக்கென்றே செய்தது. இடது கையில் அது கோணிப்போய்க் கட்டையைப் பிளந்தது.

ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவன் ஸ்டீவன் போனில் சொன்னான்: “இந்த வாட்டி வுட்டுடு எப்சி. நான் லீவு போட்டுக்கினு வந்து வெட்டறேன்.”

“போன மாசமும் இதத்தான சொன்னீங்க!”

மறுநாள் நாலு மல்பெரிக் குச்சிகளைப் பையில் செருகிக்கொண்டு குப்பம் டவுனுக்கு பஸ் ஏறினாள். ஹார்டுவேர் கடைச் சிட்டிபாபு நீளநீளமான வெட்டுக்கத்திகளை எடுத்துப் போட்டார்.

“வெட்டிப் பாத்துட்டுதான் வாங்குவேண்ணா.”

“ஏமக்கா, கத்திக்கு யாராச்சும் டிரையல் கேப்பாங்களா?”

அவள் வாசலில் பைப் பிடிக்கும் வைஸில் ஒரு குச்சியை இறுக்கினாள். முதல் கத்தி பாரம். இரண்டாம் வெட்டிலேயே தோள் வலித்தது. அடுத்தது இலேசு, இரண்டு பக்கமும் தீட்டியது. வெட்டுவதற்கு முன் உள்ளங்கையை வேண்டுமென்றே நனைத்துக்கொண்டாள். தோட்டத்தில் வியர்க்கும் அல்லவா! ஓங்கிச் சாய்வாக ஒரே வெட்டு. பட்டை உரியாமல் குச்சி துண்டாகி ரோட்டில் போய் விழுந்தது. கைப்பிடி அசையவில்லை.

சிட்டிபாபு குச்சியின் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். “நல்லாத்தான் வெட்டுது. எடுத்துக்கினு போக்கா.”

முதல் நாள் இரண்டு வரிசைக்கு மேல் முடியவில்லை. நாலாம் நாள் ஏழு வரிசை.

சனிக்கிழமை வந்த ஸ்டீவன் வரப்பில் நின்றுவிட்டான். “யாரக் கூலிக்கு வச்சே?”

எப்சிபா கத்தியை நீட்டினாள். “இடது கையால ஒண்ணு வெட்டுங்க பாப்போம்.”

அவன் வீசியது செடிக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தியது. இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் வெட்டிய குச்சிகளைக் கட்டத் தொடங்கினான். எப்சிபா புழு விற்பவரை போனில் அழைத்து, தழை வரும் நாளைக் கணக்கிட்டு, அடுத்த வளர்ப்புக்குச் சொல்லிவைத்தாள்.