பிரெஞ்சுச் சிப்பாயின் கோட்டு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில், எந்தக் காலத்திலோ எங்கள் ஊரில் நடந்த ஒரு யுத்தத்தை வைப்பதாக ஏற்பாடாயிற்று. யோசனை சித்தியுடையது. அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்துகொண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வரன்கள் ஜாதகம் வரைக்கும் வந்து தட்டிப்போயிருந்தன. அந்தக் கவலையில் அம்மா தாயார் சந்நிதிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். சித்தி என்னவோ கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வருஷா வருஷம் படிகளுக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கவிட்டு நான் போடுகிற பார்க்குக்குப் பதில், இந்தத் தடவை மண்ணில் மலைக்கோட்டை, நீலக் காகிதத்தில் காவிரி. அக்கரையில் இங்கிலீஷ்காரன், இக்கரையில் பிரெஞ்சுக்காரன். வர்ணம் பூசாத மண் சிப்பாய்களாகப் பார்த்து வாங்கிவந்தோம். இங்கிலீஷ்காரனுக்குச் சிவப்புக் கோட்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரே சாயங்காலத்தில் அடித்து முடித்தாயிற்று. பிரெஞ்சுக்காரனிடம் வந்தபோதுதான் வண்டி நின்றுபோயிற்று.

எதிர்வீட்டு மாடியில் காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் தனியாகக் குடியிருந்தார். புதுச்சேரியில் படித்தவர். அவரைக் கேட்டால் தெரியும் என்று சித்திதான் சொன்னாள். அப்பா கூப்பிட்டனுப்பினார். வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு, நீலம் என்றார்.

சித்தி அவரிடம் நேராகப் பேசமாட்டாள். கையிலிருந்த சிப்பாயைப் பார்த்து, "நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்பாள். அவரும் அதே சிப்பாயிடம், "நாளைக்கு வேணும்னா கொஞ்சம் கரி சேர்த்துப் பார்க்கலாம்" என்பார். நடுவில் அந்த மண் சிப்பாய் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் கரி சேர்த்தார்கள். சரியில்லை. அதற்கு மறுநாள், நீலம் பிரெஞ்சுக் கம்பெனிப் படைக்குத்தான், பிரெஞ்சு ராஜாவின் படைக்கு வெள்ளை என்று அவருக்கு ஞாபகம் வந்தது. இதை முதல் நாளே சொல்லித்தொலைத்தால் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்திக்குக் கோபமே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குத் தப்பினால் காதைத் திருகுகிறவள், இவரிடம் மட்டும் பசுவாக இருந்தாள்.

வெள்ளை என்றதும் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "நல்ல நாளும் அதுவுமா கொலுவில வெறும் வெள்ளைத் துணியா? ஒரு மஞ்சளாவது தடவப்படாதோ?" புது வேஷ்டி நுனியில் மஞ்சள் தடவாமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. பிரெஞ்சு ராஜாவின் படைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டா என்ன? அம்மா மஞ்சளைக் குழைத்து வந்து ஒவ்வொரு கோட்டு நுனியிலும் விரலால் ஒரு பொட்டு வைத்தாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "மாமி சொல்றது சரிதான். மஞ்சள் ஓரம் வச்ச பட்டாளம் ஒண்ணு இருந்திருக்கும்" என்றார். அன்றைக்கு அம்மா அவருக்கு டம்ளர் நிறைய இரண்டாம் காப்பி கொடுத்தாள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கனைத்துக்கொண்டார்.

மஞ்சளோடும் முடியவில்லை. கைப்பட்டிக்கு என்ன நிறம், பொத்தானுக்கு என்ன நிறம் என்று தினம் ஒன்று கிளம்பிற்று. கடைசியில் அமாவாசைக்கு முதல் நாள் வந்துவிட்டது. விடிந்தால் படி கட்டவேண்டும். பாதிச் சிப்பாய்கள் நீலம், பாதி வெள்ளை, இரண்டுக்குக் கோட்டே இல்லை. இவர்கள் இருவரும் தொப்பியின் ஓரத்தைப் பற்றிச் சிப்பாயிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உங்களுக்கு நிஜமாவே தெரியுமா, தெரியாதா? தெரியலேன்னா சொல்லிடுங்கோ, நானே எல்லாத்துக்கும் சிவப்பு அடிச்சுடறேன்" என்று கத்திவிட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"குழந்தை கேட்டது இருக்கட்டும் சார். நீங்க என்ன கோத்ரம்?"

அம்மா கையில் டவராவோடு வாசற்படியில் அப்படியே நின்றாள். அவர் முதல் தடவையாகச் சிப்பாயை விட்டுவிட்டுச் சித்தியைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "பாரத்வாஜம்" என்றார்.

"எங்க பொறந்தாத்துல ஸ்ரீவத்ஸம்" என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. "பெருமாளே" என்று பெரிதாக மூச்சுவிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தி கையிலிருந்த சிப்பாயோடு எழுந்து உள்ளே ஓடினாள். அப்பா அவரிடம் அவருடைய அப்பாவைப் பற்றியும் சொந்த ஊரைப் பற்றியும் விசாரிக்க ஆரம்பித்தார்.

நான் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. விடிந்தால் கொலு, பிரெஞ்சுக்காரன் கோட்டில்லாமல் நிற்கிறான், இவர்கள் உட்கார்ந்து கோத்திரம் பேசுகிறார்கள். இந்தப் பெரியவர்களுக்கு எடுத்த காரியத்தை முடிக்கவே தெரியாது என்று நினைத்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.