தறி நின்ற வீட்டில் கணக்குப் பாடம்

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு விசைத்தறிகள். அந்தச் சத்தத்தில் மகள் படிப்பு கெடுமே என்று, கல்லூரி இரண்டாம் வருடம் நைனா என்னைத் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு ரூமில் விட்டார். கூட இரண்டு பெண்கள். தங்கமானவர்கள்தான், ஆனால் பேனா கீழே விழுந்தால்கூட முறைப்பார்கள். படிக்கும் நேரத்தில் பேச்சு கூடாது என்பது ரூம் சட்டம்.

அந்த அமைதியில்தான் நான் நாசமானேன். புத்தகத்தைத் திறந்தால் கடிகாரம் கேட்கும், பக்கத்தில் இருப்பவள் எச்சில் விழுங்குவது கேட்கும், பாடம் மட்டும் ஏறாது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்த முதல் வருடம் எல்லாவற்றிலும் தேறியவள், கணக்கில் இரண்டு தடவை அரியர் வைத்தேன். ஊர் சுற்றுகிறாள் என்று தெருவில் பேச்சு. சுற்றியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அலைந்து திரிந்து நைனா பிடித்த ரூம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"இந்த வாட்டியும் போச்சுன்னா படிப்பு போதும். பாவா வூட்ல கேட்டுகினே இருக்காங்க" என்றார் நைனா. பாவா என்றால் அத்தை மகன். நல்லவன்தான், எனக்கு வேண்டாம்.

பரீட்சை லீவுக்கு வீட்டுப் படியேறினேன். சத்தமே இல்லை. எனக்காக நைனா தறிகளை நிறுத்திவிட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கெஞ்சி நிறுத்த வைத்திருந்தார். அம்மா பாத்திரத்தைப் பூனை மாதிரி எடுத்து வைத்தாள். ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"தறிய ஓட்டு நைனா. சத்தம் இல்லாம எனக்குப் படிப்பு வரல."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்போ உன் நல்லதுக்குன்னு ரூம்ல வுட்டது?"

"அங்கதான் ஃபெயிலானேன்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் போய் ஸ்விட்சைப் போட்டார். தரை அதிர்ந்தது. புத்தகத்தோடு தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மதியத்துக்குள் ஒரு பாடம் முடிந்தது.

கணக்கில் தேறினேன். ரூமைக் காலி செய்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில், என் பெட்டியைத் தூக்கிவந்த நைனா சொன்னார்: "நீ போனதுலேர்ந்து எனக்கும் வூட்ல இருப்புக் கொள்ளல. சொன்னா ஓடி வந்துடுவியேன்னுதான் வாயத் தொறக்கல."

ஓடித்தான் வந்திருப்பேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, இரண்டு அரியர் வைத்திருக்கிறோம்.