பச்சைக் கதவு வீட்டின் மதியச் சாப்பாடு

சீசன் முடிந்ததும் அந்தக் கடற்கரையில் முதலில் நின்றுபோவது ஐஸ்கிரீம் வண்டியின் மணிச்சத்தம். அடுத்து ராட்டினக்காரர் தன் மரக்குதிரைகளின் தலையில் சாக்கை மாட்டிக் கயிற்றால் கட்டிவிட்டு ஊருக்குப் போவார். கடலோர வீதியில் வரிசையாக நிற்கும் விடுமுறை வீடுகளின் சொந்தக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்தி, மெயின் சுவிட்சை இறக்கி, சாவியைக் கொண்டுவந்து ஒருத்தியிடம் கொடுப்பார்கள். அவளுக்குச் சாவியக்கா என்று பெயர் விழுந்தது அப்படித்தான். அண்ணன் பெண்கூட அவளை அத்தை என்று கூப்பிடுவதில்லை.

அவள் வேலை பார்க்கச் சுலபமாகத் தெரியும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டையும் திறந்து காற்றாட விடவேண்டும். உப்புக்காற்றில் இறுகிப்போகும் தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விடவேண்டும். மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைக்கவேண்டும். எல்லாக் குழாய்களையும் கொஞ்சநேரம் திறந்துவிடவேண்டும். கழுவுதொட்டிக்குக் கீழே கழிவுநீர்க் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை நாற்றம் நேராக வீட்டுக்குள் ஏறிவிடும். "வீடும் மனுஷனை மாதிரிதான். தொண்டை காயவிடக் கூடாது" என்பாள்.

ஆட்கள் போனபிறகுதான் அந்த இடத்துக்கு அழகு வரும் என்பது அவள் கட்சி. தெருவில் மணல் ஏறி, வாசற்படிகளின் கீழ்ப்பாதி காணாமல் போகும். அலைச்சத்தம் வீதியின் கடைசி வீடுவரை வந்து சுவரில் முட்டித் திரும்பும். காலையில் பதிந்த அவளுடைய காலடியே சாயங்காலம்வரை கலையாமல் கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் பயமாக இருக்கும். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வரும்.

காரணம் அவள் குடியிருந்த வீடு. ஐஸ் பாக்டரிக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், அண்ணியின் அப்பா, கீழே நாள் முழுக்க உறுமும் இயந்திரம். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நாற்பது தாண்டிவிட்ட சாவியக்காவுக்கு அங்கே பாய் விரிக்கக் கதவோரம்தான் இடம். அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "நாத்தனாரே, ஊர்ல இருக்கற அத்தனை பங்களா சாவியும் உங்க இடுப்புல. தூங்கறது மட்டும் என் செருப்புப் பக்கத்துல" என்று சிரிப்பாள். சாவியக்காவும் சிரிப்பாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அந்த வீட்டில் எல்லாருடைய முறையும் வரும், அவள் முறை வராது. யாராவது ஞாபகப்படுத்தினால் "அவ வந்துடுவா" என்பார்கள். அவளும் வந்துவிடுவாள்.

அதனால்தானோ என்னவோ, பச்சைக் கதவு வீட்டில் அவள் அந்த விளையாட்டை ஆரம்பித்தாள்.

அது மாடிவைத்த பெரிய வீடு. நீளமான சாப்பாட்டு மேஜை, சுற்றிலும் எட்டு நாற்காலி. சொந்தக்காரர்கள் ஏனோ இரண்டு சீசனாக வரவில்லை. ஒருநாள் மதியம் மேஜையைத் துடைத்தபோது சும்மா வேடிக்கைக்கு, "யாருக்காவது பசிக்குதா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டாள். குரல் படியேறிப் போய் அழகாகத் திரும்பி வந்தது. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் தட்டு வைத்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெரியவன் படிப்பில் சுமார், ஆனால் தங்கமான குணம். சின்னக்குட்டி காய் என்றால் முகத்தைச் சுளிப்பாள். "பெரியவனே! சின்னக்குட்டி! சாப்பிட வாங்க, ஆறிப்போகுது!" என்று படியடியில் நின்று கூப்பிடுவாள். பிறகு தன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்து, காலி நாற்காலிகளை அதட்டிக்கொண்டே சாப்பிடுவாள். வாரம் ஒருமுறை என்றிருந்தது தினமும் ஆனது. யாருக்கும் நஷ்டம் இல்லாத பைத்தியக்காரத்தனம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்காரர்கள் வராத மூன்றாவது வருஷம், குளிர்காற்று தொடங்கியபிறகு, பக்கத்து வீட்டுக்கு ஒரு தம்பதி வாடகைக்கு வந்தார்கள். சீசன் இல்லாத நேரத்தில் அந்த வீதிக்கு யாரும் வந்து அவள் பார்த்ததில்லை. மனைவி தையற்காரி, அறுபதைத் தாண்டியவள், கழுத்தில் அளவு நாடாவை மறந்தாற்போல் மாட்டியிருந்தாள். கணவர் நூல் ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது. காதில் செருகும் கருவி இருந்தால் ஏதோ கேட்கும், கழற்றிவிட்டால் பக்கத்தில் வெடி போட்டாலும் தெரியாது.

"எல்லாரும் சாவியக்கான்னு சொல்றாங்க. என் வயசுக்கு நான் அக்கான்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? சாவிப்பொண்ணுன்னு கூப்பிடறேன்" என்றாள் தையற்காரி.

"கூப்பிடுங்கம்மா. ஆமா, கூட்டமா இருக்கறப்போ வராம இப்ப வந்திருக்கீங்களே? ஒரு கடைகூடத் திறந்திருக்காதே."

"அதுக்குத்தான் வந்தேன். வாழ்நாள் பூரா பண்டிகைக்கு முன்னாடி தலைக்குமேல வேலை, அவருக்கு ஆலை. கடலைப் பார்க்க வந்தப்பல்லாம் ஆளுங்க முதுகைத்தான் பார்த்தேன். ஒரு தடவையாவது முழுசாப் பார்த்துடணும்னு."

முழுசாகவே பார்த்தார்கள். இருவரும் காலையில் கைகோத்துக்கொண்டு, ஆளில்லாத மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் போவார்கள். சாக்கு போட்ட குதிரைகளைப் பார்த்துத் தையற்காரி முதல்நாள் திடுக்கிட்டாள். மறுநாள் அவற்றின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். சாவியக்காவுக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பக்கத்தில் ஆள் வந்துவிட்டதால் விளையாட்டை நிறுத்தவேண்டியதாயிற்று. யார் காதிலாவது விழுந்தால் மானம் போய்விடும். பச்சைக் கதவு வீட்டின் பக்கமே அவள் போகவில்லை. குழாய்களைக்கூடத் திறந்துவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், தண்ணீர்த் தொட்டியின் மிதவை சரியில்லை என்று சொல்லியனுப்பியதால் தம்பதியின் வீட்டுக்குப் போனாள். வேலை முடிந்ததும் தையற்காரி தேநீர் கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்:

"பக்கத்து வீட்டு அம்மாவை எனக்கு ஒருநாள் அறிமுகப்படுத்தி வையேன். வெளியவே வரமாட்டேங்கறா."

"எந்த வீட்டு அம்மா?"

"இந்தப் பச்சைக் கதவு வீடுதான். தினம் மதியம் பிள்ளைங்களைச் சாப்பிடக் கூப்பிடறாளே. என்ன இனிப்பான குரல்! பெரியவனாம், சின்னக்குட்டியாம். பாவம், முதல்ல அதுங்க பதிலே சொல்லாது. இப்ப நாலஞ்சு நாளா ஒழுங்கா வருதுங்க."

சாவியக்காவின் கை தானாக இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போயிற்று.

"அங்க யாரும் இல்லம்மா. சாவி என்கிட்ட இருக்கு."

"விளையாடாத. இவர்கூடக் கேட்டாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கிடம் தையற்காரி கையசைத்துக் கேட்டாள். அவர் காதுக் கருவியை எடுத்துச் செருகிக்கொண்டார். சாவியக்கா பச்சைக் கதவு வீட்டைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. இதை அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லியிருக்கவில்லை.

"கேக்குதும்மா. கருவியைக் கழட்டி மேஜைமேல வெச்சிருப்பேன். அப்பவும் கேக்குது. இவ பேசறது கேக்காது, அலை கேக்காது. அது மட்டும் கேக்குது. எனக்கு மூளை குழம்பிப்போச்சோன்னு நினைச்சுட்டு அதை மட்டும் இவகிட்ட சொல்லல."

தையற்காரி மெதுவாகத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

சாவியக்காவுக்கு ஓடிப்போய் ஐஸ் பாக்டரி உறுமலுக்குள் புகுந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டின் பொறுப்பு அவளுடையது. யாராவது உள்ளே புகுந்திருந்தால் பதில் சொல்லவேண்டியவள் அவள்தான். தவிர, அந்தப் பெயர்கள் அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. "நீங்க வாசல்ல நில்லுங்க" என்று இருவரிடமும் சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

கதவில் உப்பு பூத்திருந்தது. இந்த இரண்டு வாரத்தில் அதை யாரும் திறந்திருக்க முடியாது. உள்ளே போனதும் அவளுக்கு முதலில் உறைத்தது மூக்கில்தான். இத்தனை நாள் தண்ணீர் விடாத வீடு நாறியிருக்கவேண்டும். நாறவில்லை. சமையலறைத் தொட்டி ஈரமாக இருந்தது. மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தாள் அல்லவா, கீழறை மெத்தை கட்டிலில் கிடந்தது, நடுவில் லேசாகக் குழிந்து. மேஜைமேல் தூசி அப்படியே படிந்திருந்தது. ஒரு விரல் தடம்கூட இல்லை.

கூடத்தின் நடுவில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளியே அலைச்சத்தம் சட்டென்று குறைந்தது, யாரோ கதவைச் சாத்தினாற்போல.

"பெரியவனே! சின்னக்குட்டி! சாப்பிட வாங்க, ஆறிப்போகுது!"

சமையலறையிலிருந்து வந்தது. அவளுடைய குரல்தான். 'ஆறிப்போகுது' என்பதை அவள் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள், அந்த இழுப்புகூட மாறவில்லை. சாவியக்காவின் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மேலே தடதடவென்று ஓடும் சத்தம். இரண்டு ஜோடிக் கால்கள், ஒன்று கனமானது, ஒன்று இலேசானது. மாடிப்படியின் திருப்பம்வரை வந்து நின்றன. அங்கே யாரும் இல்லை. படியின் மரம் மட்டும் பாரம் தாங்கி மெல்ல முனகியது.

"வர்றோம்மா" என்றன இரண்டு குரல்கள். பிள்ளைகளின் குரல்கள்தான், ஆனால் அவற்றுக்குள்ளும் அவள் குரலின் சாயல் இருந்தது. அவள் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்த குரல்கள்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். ஆனாலும் அவள் ஓடவில்லை. ஏனென்றால் சமையலறைக் குரல் மறுபடி பேசியது. இந்தமுறை மெதுவாக, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல.

"நீயும் வாயேன். ஏன் கதவோரமே நிக்கற? உனக்கும் தட்டு வெச்சிருக்கேன்."

அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. இந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை, அவளே சொல்லிக்கொண்டதில்லை. எத்தனை பயத்திலும் கண் நிறைந்துவிட்டது. மேஜையைப் பார்த்தாள். எட்டு நாற்காலிகளில் ஒன்று மட்டும் வெளியே இழுத்துப் போட்டிருந்தது. அவள் நுழையும்போது அது அப்படி இல்லை. அவளை அறியாமல் ஒரு கால் முன்னே போயிற்று. உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மனசு வராது என்று அவளுக்குத் தெரிந்தது, தெரிந்தும் இன்னொரு காலும் போயிற்று.

"சாவிப்பொண்ணு! என்ன இவ்வளவு நேரம்?" வாசலிலிருந்து தையற்காரி கூவினாள். அந்தக் குரல் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

சாவியக்கா நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. இவர்களை வரவழைத்தது நான்தான், அனுப்பவேண்டியதும் நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, ஒரு தாய் எப்படிச் சொல்வாளோ அப்படி, அதட்டலும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் சொன்னாள்:

"சாப்பாடு முடிஞ்சது கண்ணுங்களா. விளையாடினது போதும். போய்த் தூங்குங்க. அம்மா எழுப்பறவரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது."

பிறகு படியில் கால்கள் திரும்பின, மெதுவாக, மனமில்லாமல். மேலே ஒரு கதவு சாத்திக்கொண்டது. சமையலறையில் யாரோ குழாயை மூடினாற்போல் ஒரு சின்னக் கிறீச்சிடல். அலைச்சத்தம் திரும்பி வந்தது.

வெளியே வந்தவளைத் தையற்காரி தாங்கிப் பிடித்து வாசற்படியில் உட்காரவைத்தாள். சாவியக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள், விளையாட்டையும் சேர்த்து. சொல்லும்போது வெட்கமாக இல்லை, பிள்ளைகளைத் தொலைத்தவள் போல அழுகைதான் வந்தது. மெக்கானிக் காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டையே பார்த்தபடி நின்றார். ரொம்பநேரம் கழித்துத் தலையசைத்தார்.

"இப்ப ஒண்ணும் கேக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் தையற்காரி அவளைத் தன் வீட்டில் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினாள். தம்பதி மாதக் கடைசிவரை இருந்தார்கள். பக்கத்து வீடு அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

அடுத்து வந்த சீசனுக்குப் பச்சைக் கதவு வீட்டுக்காரர்கள் திடீரென்று வந்து இறங்கினார்கள். ஒரு மகன், ஒரு மகள். பையனுக்குப் பத்து வயதிருக்கும், பெண் சின்னவள். வந்த மூன்றாம் நாள் அந்த வீட்டம்மா சாவியக்காவைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் முகத்தில் சிரிப்பும் கவலையும் கலந்திருந்தன.

"இந்த வீட்டுக்காத்து என்ன காத்தோ தெரியல. ஊர்ல இதுங்களைத் தூங்கவைக்கவே முடியாது. இங்க வந்ததுல இருந்து படுத்தா எழுந்திரிக்க மாட்டேங்குதுங்க. நானும் கத்திக் கத்திப் பார்க்கறேன். மணி பன்னண்டு ஆகப்போகுது, நீங்களாவது ஒரு குரல் கொடுங்களேன்."

'அம்மா எழுப்பறவரைக்கும்' என்று தான் சொன்னது சாவியக்காவுக்கு ஞாபகம் வந்தது. படியடியில் நின்று கூப்பிட அவளுக்குத் துணிச்சல் இல்லை. அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டு யார் யார் எழுந்து வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மாடியேறினாள். பிள்ளைகள் இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்கள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. ஒவ்வொருவராகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்து வெயிலில் மணல்மேல் விட்டாள். வெயில் பட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

"ராத்திரி இவங்களை ஊருக்குள்ள ஏதாவது விடுதியில படுக்க வைங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அந்த வீட்டம்மாவின் கையில் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "முழங்கால் வலி, மாடி ஏற முடியல" என்றாள்.

மழைக்காலம் வருவதற்குள் மீன்வலைக் கிடங்குக்குப் பின்னால் தனியாக ஒரு அறை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். "தனியா இருந்து என்ன பண்ணப்போறீங்க, நாத்தனாரே?" என்று அண்ணி மூக்கைச் சிந்தினாள். ஆனால் வாரத்துக்கு இரண்டுமுறை அவளே வந்து, கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, "அப்பாடா, சத்தமே இல்ல" என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். சாவியக்கா எதிரில் உட்கார்ந்து துணி மடிப்பாள். அண்ணி இருக்கும்வரை இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் சாவியக்கா வாயை மூடிக்கொள்வாள். தன் அறையில் தனியாக இருக்கும்போது அவள் ஒரு பாட்டைக்கூட முணுமுணுப்பதில்லை.